மாத்திரைக்குப் பழகிய தயிர்

1

இன்று ஆடிக் கிருத்திகை. எங்கள் திருத்தணியில் இந்நேரம் மலைப்படி முழுக்கப் பூக்காவடியாக இருக்கும். அரக்கோணம் ரோட்டில் பஸ் நகராது. இங்கே, ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆடி மாதத்தைக் கழிக்கிறவன் எழுதுகிறேன். நெதர்லாந்துக்கு வந்து பதினைந்து ஆடி ஆகிவிட்டது.

காலையில் எழுந்ததும் தயிர்ப் பாத்திரத்தைத்தான் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பாத்திரம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. அது ஏன் காலியானது என்பதை ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். உங்களில் சிலர் என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா கடையில் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டவர்களாக இருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். கிருமி, மரபணு என்று இதில் வருகிற விஷயமெல்லாம் என் மகள் யமுனா சொல்லிக் கேட்டது. எங்கேயாவது தப்பாக இருந்தால் அவள் தப்பாகச் சொன்னாள் என்று நினைக்காதீர்கள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

பயம் என் கூடவே பிறந்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படி இறங்கியவன் திரும்பி ஏறுவேன். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினால், பார்த்தேனா என்று சந்தேகம் வரும். முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு வேலை. சூப்புக்குள் தெர்மாமீட்டரை விட்டு எழுதி வைக்க வேண்டும், டப்பாவுக்கு டப்பா தேதி ஒட்ட வேண்டும். மற்றவர்கள் முனகிக்கொண்டே செய்கிற வேலை அது. எனக்கு அதில்தான் நிம்மதி.

குடும்பம் வந்து சேர்ந்த புதிதில் என்னை ரொம்பவும் கலங்கடித்தவர் எங்கள் பேட்டை டாக்டர். யமுனாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் அவள் அம்மாவும் எனக்கு மூன்று வருடம் பின்னால் வந்து சேர்ந்திருந்தார்கள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. டாக்டர் தொண்டையைப் பார்த்தார். பாராசிட்டமால் கொடுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், ஒரு வாரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எழுந்து கை நீட்டினார்.

வெளியே வந்ததும் என் மனைவி சரோஜா கேட்டாள். "இன்னாங்க, ஊசி போடலியா?"

"கை குடுத்தாரு."

"கை குடுத்தா காய்ச்சல் பூடுமா?"

அந்த வாரமே ஊருக்குக் கடிதம் போட்டேன். அதிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்களுக்கு வடாம், ஊறுகாயோடு அட்டை அட்டையாக மாத்திரையும் வந்தது. பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமாக இருக்குமே, டெட்ராசைக்ளின், அந்த மாத்திரை. திருத்தணியில் எந்த மெடிக்கலிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு தடவை மருந்துக் கடையில் எனக்குத் தெரிந்த டச்சில், கிருமியைக் கொல்கிற மருந்து வேண்டும் என்று கேட்டேன். கக்கூஸ் கழுவுகிற பாட்டிலை எடுத்து நீட்டினாள் அந்தப் பெண்.

மாத்திரையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருந்தேன். யமுனாவுக்கு அடுத்த தடவை அதே காய்ச்சல் வந்தபோது அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். நாலாம் நாள் எழுந்து ஓடினாள். மருந்துதான் எழுப்பிவிட்டது என்று பல வருடம் நம்பினேன். "அது தானா போற காய்ச்சல்" என்று போன மாதம் யமுனா சொன்னாள்.

3

இனி ஊருக்கு வருகிறேன். என் அக்கா லலிதாவைக் கட்டிய முனிரத்தினம் பாவாவுக்கு மலையடிவாரத்தில் தயிர்சாதக் கடை. நானும் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் அங்கேதான் இருந்தேன். தயிர் தோய்ப்பது என் பொறுப்பு. மண்பானை நாலு. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு உறை. நாளைக்கு இன்றையது. ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

சாயங்காலம் ஆனால் டம்ளரோடு யாராவது வந்து நிற்பார்கள். "லலிதாக்கா, உறை மோர் இருந்தா குடேன், எங்க வீட்ல பூனை கவுத்துட்சி." அக்கா இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உறைக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது, காசும் வாங்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஒரு ஆடிக் கிருத்திகை. அம்மையார்குப்பத்திலிருந்து நெசவுக்காரக் குடும்பங்கள் காவடி எடுத்து நடந்தே வந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா எங்கள் கடையில் பொட்டலம் வாங்கிப் பெண் குழந்தைக்கு ஊட்டினாள். ஐந்து வயது இருக்கும். கொஞ்ச நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வெயில்ல நடந்து வந்த கொயந்தடா. உன் தயிரு இன்னா பண்ணும்? அடுத்த பொட்டலத்தைக் கட்டு" என்றார் பாவா.

கட்டினேன். ஆனால் அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவே இல்லை. இன்றுவரை தெரியாது. பாவா சொன்னதுபோல வெயிலாகவே இருக்கலாம். எனக்கோ பானையைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கிருமி நெளிகிறது போல இருந்தது.

அதற்கு முந்தின மாசம் என் குதிகாலில் சீழ் வைத்து, மெடிக்கல்காரர் அந்தச் சிவப்பு மஞ்சள் மாத்திரையைப் பிரித்துப் பொடியைத் தூவிவிட்டார். இரண்டே நாளில் ஆறியது. காலில் இருக்கிற கிருமியைக் கொல்கிற மருந்து தயிரில் இருக்கிற கிருமியையும் கொல்லாதா? அப்படித்தான் யோசித்தேன். என்னை யாரும் சொல்லிச் செய்ய வைக்கவில்லை. பானைக்கு ஒரு மாத்திரை, பிரித்துப் பாலில் கொட்டி, கலக்கி, உறை ஊற்றினேன்.

மறுநாள் பால் பாலாகவே இருந்தது.

"டேய் தணிகா, தோய்க்கலியா நேத்து?" என்று பாவா கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, "மருந்து போட்டா புளிக்காது இல்ல?" என்றார். வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் சாதம் புளித்துவிடுவது அவர் கவலை. ஆளுக்கு ஒரு கவலை, இரண்டுக்கும் ஒரே மாத்திரை.

தோயாத அந்தப் பாலிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலில் விட்டேன். அதிலும் மாத்திரை. மூன்றாம் நாள் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கட்டியது. அந்த ஓரத்தை வழித்து உறையாக்கினேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பானையைச் சாய்த்தாலும் அசையாமல் நின்றது தயிர்.

பாவா விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். "பழகிச்சிடா உன் தயிரு! எங்க மாமன் சாராயத்துக்குப் பழகின மாதிரி."

அதன்பின் அது பழையபடியே புளிக்கவும் செய்தது. ஆனாலும் மாத்திரையை நிறுத்தவில்லை. யாரும் வாந்தி எடுக்கவில்லை, அதனால் மாத்திரை வேலை செய்கிறது என்று இருந்துவிட்டோம். நான்கு வருடம்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த நாட்டில் சமையல் வேலை கிடைத்தபோது, ஒரு துண்டு வேட்டித் துணியைத் தயிரில் தோய்த்து நிழலில் காயவைத்து, சட்டைப் பையில் மடித்துக் கொண்டுவந்தேன். ஏர்போர்ட்டில் அதிகாரி அதை விரித்துப் பார்த்துக் கைக்குட்டை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தார். வந்த இரண்டாம் நாள் அந்தத் துணியை வெதுவெதுப்பான பாலில் போட்டேன். இரண்டு நாள் கழித்துத் தோய்ந்தது. இந்த நாட்டில் அதற்கு நான் மாத்திரை போடவில்லை. பால் சுத்தம், குளிர் ஊர், பயப்படக் காரணமில்லை. தயிரில் மாத்திரை போட்டதையே மறந்தும் விட்டேன்.

4

யமுனாவுக்கு இப்போது இருபத்தொன்று. வீட்டில் அவள் எங்களிடம் பேசுகிற தமிழ், சாப்பாட்டுத் தமிழ்தான். பசிக்குது, உப்பு கம்மி, போதும். மற்றதெல்லாம் டச்சில் போய்விட்டது. அவள் போனில் சிரித்துப் பேசும்போது நானும் சரோஜாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுப் பெண் நம் வீட்டில் தங்கியிருப்பது போல இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் கிருமிகளைப் பற்றிப் படிக்கிறாள். தை மாதம் ஒரு நாள் அவளாக அடுக்களைக்கு வந்தாள்.

"நைனா, உன் தயிர் கொஞ்சம் வேணும்."

"சாதம் போடட்டா?"

"சாப்பிட இல்ல. படிப்புக்கு." வீட்டில் புளிக்கவைக்கிற சாப்பாடு ஏதாவது கொண்டுவரச் சொல்லியிருந்தாராம் அவள் பேராசிரியர். ஒருத்தன் தாத்தா பண்ணைப் பாலாடைக்கட்டி கொண்டுவருகிறான், துருக்கிப் பெண் ஒருத்தி அவள் வீட்டுத் தயிர். அதில் இருக்கிற நல்ல கிருமிகள் எந்தெந்த மருந்துக்குச் சாகாமல் நிற்கின்றன, எந்த மரபணுவால் நிற்கின்றன என்று பார்ப்பது வேலை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணாடிப் புட்டியைக் கொதிநீரில் போட்டுக் கழுவி, ஆடையோடு ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு படிவமும் நீட்டினாள். கேள்விகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள், நான் கோடு போட்டேன். ஏழாவது கேள்வி: இந்த உணவிலோ இதைச் செய்யும்போதோ எப்போதாவது மருந்து எதுவும் சேர்த்ததுண்டா?

பேனா நின்றது. பிரித்துக் கொட்டிய பொடி பால்மேல் மிதந்தது கண்ணில் வந்துவிட்டது.

"இந்தக் காகிதம் எங்க போவும்?"

"காலேஜ்ல பைல்ல இருக்கும்."

"முனிசிபாலிட்டிக்குப் போவுமா?"

"ஏன் போவணும்? இன்னா நைனா நீ."

பதினைந்து வருடத்தில் எத்தனை படிவம் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு, விசாவுக்கு, மனைவி மகளை வரவழைக்க, வேலைக்கு. சந்தேகம் வந்தால் 'இல்லை' என்று போடு என்று பழகியவன். மருந்து கலந்த சமையல்காரன் என்று முதியோர் இல்லத்துக்குத் தெரிந்தால்? வேலை போனால்? 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

5

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினாள். வட்டத் தட்டில் மெல்லிய வெள்ளைப் படலம். அதன்மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்ன காகித வில்லைகள். ஒவ்வொரு வில்லையைச் சுற்றியும் கிருமி செத்துத் தெளிந்த வளையம். ஒன்றைச் சுற்றி மட்டும் வளையமே இல்லை. வில்லையின் ஓரம் வரைக்கும் வெள்ளை.

"இது டெட்ராசைக்ளின். உன் தயிர் கண்டுக்கவே இல்ல" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. எப்படி என்று மட்டும் கேட்டேன்.

அவளுக்குத் தமிழில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. கையைக் காலை ஆட்டி, நடுவில் டச்சு போட்டுச் சொன்னாள். கிருமிக்குள்ளே அது உயிர்வாழப் புரதம் செய்கிற இடம் ஒன்று உண்டு. மருந்து போய் அங்கே உட்கார்ந்துகொண்டால் வேலை நின்று கிருமி வளராது. இந்தத் தயிர்க் கிருமியிடம் இருக்கிற மரபணு ஒரு ஆளை அனுப்பி, உட்கார்ந்த மருந்தை எழுப்பிவிட்டுவிடும்.

"அரக்கோணம் ரயில்ல துண்டு போட்டு எடம் புடிச்சவனை எழுப்பி விடற மாதிரி" என்றேன்.

"ஆங், அதான். ஆனா இன்னொண்ணு கீது நைனா. சில கிருமிக்குப் பொறக்கும்போதே சில மருந்து ஏறாது. அது அதோடயே போயிடும், பயம் இல்ல. உன் தயிர்ல கீறது அப்படி இல்ல. கிருமிக்குள்ள தனியா ஒரு சின்ன வளையத்துல கீது. பக்கத்துல நிக்கற வேற ஜாதி கிருமிக்கும் அத குடுக்கும்."

"குடுத்துட்டா இதுக்கு இருக்காதா?"

"ஒரு காப்பி எடுத்துக் குடுக்கும். தானும் வெச்சிக்கும். வயித்துல போய் கெட்ட கிருமிக்குக் குடுத்துச்சினா, அப்புறம் அந்த மருந்து அதுக்கும் ஏறாது."

பிறகு அவளாகவே சொன்னாள். இது எங்கிருந்து வந்தது என்பதுதான் பேராசிரியர் கேட்கிற கேள்வி. நீ மருந்து சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆகவே மாட்டுக்குப் போட்ட ஊசியிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதப் போகிறேன். இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும்.

சாப்பிடக் கூப்பிட்டாள் சரோஜா. தட்டில் தயிரைப் போட்டுக்கொண்டு பிசைந்தேன். பிசைந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

6

இரண்டு வாரம் சொல்லாமல் இருந்தேன். இல்லத்தில் சூப்புக்குத் தெர்மாமீட்டர் விட்டுவிட்டு எழுதாமல் வந்தேன். மேலாளர் அம்மா, எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மகள் பொய்யை உண்மை என்று எழுதி, அதன்மேல் தன் பேரைப் போடப் போகிறாள். அந்தப் பொய் நான் கொடுத்தது. எனக்கு வேலை போவது ஒரு பக்கம். நாளைக்கு யாராவது கண்டுபிடித்து அவள் பேர் கெட்டால்?

போன சனிக்கிழமை அவள் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஏழாவது கேள்வி தப்பா எழுதிட்டேம்மா."

"எந்த ஏழாவது?"

சொன்னேன். குழந்தை வாந்தி எடுத்தது, குதிகால், மாத்திரை, தோயாத பால், எல்லாம். அவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டை எடுத்தாள்.

"பானை எத்தனை லிட்டர்?"

"பத்து இருக்கும்."

"ஒரு மாத்திரையா, ரெண்டா? எத்தனை நாள் தோயல? ஓரத்துல மட்டும் தோஞ்சதுனு சொன்னியே, அத மட்டும் எடுத்தியா, கலக்கி எடுத்தியா?"

ஒரு மணி நேரம் கேட்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். பத்து வருடத்தில் என் மகள் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அவ்வளவு வெட்கத்திலும் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

"அப்போ அந்த மரபணுவை நான்தான் உண்டாக்கினேனா?"

"இல்ல நைனா. அது முன்னாடியே எதுலயோ ஒண்ணு ரெண்டுல இருந்திருக்கும். பால்ல, மாட்டு மடியில, எங்கியோ. உன் மாத்திரை மத்ததெல்லாம் தலையெடுக்காம பண்ணிடுச்சி. அந்த ஒண்ணு ரெண்டு மட்டும் வளந்துச்சி. நீ அதையே வழிச்சி வழிச்சி வளத்துட்டே."

"தயிர் பழகிச்சினு பாவா சொன்னாரு."

"பழகல. பழகாதது போச்சி. ஏற்கெனவே தெரிஞ்சது நின்னுச்சி."

இந்த நாட்டில் மாத்திரையை நிறுத்தித்தான் பதினைந்து வருடம் ஆகிறதே, அதற்குள் மறந்திருக்காதா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "மருந்தே பாக்காம இத்தினி வருஷம் கீது. ஆனாலும் விடல. எனக்கு அதான் புரியாம இருந்துச்சி. இப்போ புரியுது. நாலு வருஷம் தெனம் மருந்து பட்டதுல, அத விடாம வெச்சிக்கறது மட்டும்தான் மிஞ்சிச்சி."

படிவத்தில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று போட்டேன். குறிப்பு என்ற இடத்தில் நடந்ததைத் தமிழில் எழுதச் சொன்னாள். கீழே அவள் டச்சில் எழுதினாள். பேராசிரியர் இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தோழிகளோடு போவதாக இருந்த பயணத்தை அவள் விட்டுவிட்டாள். முனிசிபாலிட்டியிலிருந்து யாரும் வரவில்லை. வேலையும் போகவில்லை.

"வேற யாருக்காவது உறை குடுத்தியா?" என்று கடைசியாகக் கேட்டாள். இங்கே மூன்று தமிழ் வீடுகள். மூன்றுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஒரு அம்மா, "தயிர் நல்லாத்தானே இருக்கு?" என்று மனத்தாங்கலோடு கேட்டார். அப்படியே சாக்கடையில் கொட்டாதே, கொதிக்கவைத்துக் கொட்டு என்று யமுனா சொன்னபடி, எங்கள் தயிரை நானே அடுப்பில் வைத்தேன். திரிந்து, பச்சைத் தண்ணீர் தனியாகப் பிரிந்து, வீடு முழுக்க ஒரு வாடை. சரோஜா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

7

பாவாவிடம் நான் பேசியது நான்கு நாள் முன்னால்.

"பாவா, தயிர்ல மாத்திரை போடுவோமே, ஞாபகம் கீதா?"

"ஞாபகமா? இப்பவும் போட்டுகினுதான் கீறேன். இப்போ பானைக்கு ரெண்டு."

யமுனா சொன்னதை எல்லாம் முடிந்த மட்டும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தினால் மட்டும் போதாது, பழைய உறையையே விட்டுவிட வேண்டும் என்றேன்.

"போடச் சொன்னதும் நீதான், இப்போ நிறுத்தச் சொல்றதும் நீதான். ஹாலந்துல உக்காந்துகினு நல்லாத்தான் பேசறே" என்றார். கோபம் இல்லை, சலிப்புதான். "கிருத்திகை முடியட்டும்டா. நாலு நாள்ல நான் எங்க போயி புது உறை தேடுவேன்?"

மூன்று நாளும் போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்று காலை, அங்கே மத்தியானம், அக்கா எடுத்தாள். பின்னால் அரோகரா சத்தம்.

"அவரு கடையில கீறாரு, தணிகா. நீ பேசின நாள்லேர்ந்து மொகமே சரியில்ல. நேத்து சாயங்காலம் பழைய பானை நாலையும் ஒடச்சிட்டாரு. மாத்திரையையும் குப்பையில போட்டுட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ இன்னிக்குத் தயிருக்கு?"

"புதுப் பானை வாங்கி, பக்கத்துத் தெருவுல போய் உறை வாங்கியாந்து ஊத்தினேன். கல்லு மாதிரி தோஞ்சிகீது."

"யார் வீட்ல வாங்கனே?"

"ஏன், எல்லார் வீட்லயும்தான் கீதே. ரெண்டு மூணு வீட்ல கேட்டேன்." அக்கா குரலில் பெருமை வந்துவிட்டது. "எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கறாங்கடா. 'இன்னா லலிதாக்கா, நீ குடுத்த உறையை எங்ககிட்டயே கேக்கறியே'ன்றாங்க."